பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்



சென்ற மாதம் ஒரு நாள் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், ஒரு தாய் என்னிடம் வந்தார். கையில் மகளின் தமிழ்க் கொப்பி. பிள்ளை தரம் 4. மூன்று கிழமையாகக் கொப்பியை வீட்டில் காட்டவே இல்லையாம். தலையணைக்குக் கீழே மறைத்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டெடுத்திருக்கிறார். விரித்துப் பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அதில் ஒரு வசனம்:

"எங்க அம்மா மழைக்கு போயிருச்சு."

டீச்சர் அதைத் திருத்தி, "எங்கள் அம்மா மலைக்குப் போய்விட்டார்" என்று எழுதியிருந்தார். நான் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நாங்க வீட்டுல பேசுறது எல்லாம் பிழைங்களா ஐயா? எனக்குப் படிப்பும் இல்ல. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?"

இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. லயத்துக்கு லயம் நான் கேட்கும் கேள்வி இது. வாசிப்பு, சொல்வதெழுதுதல், இலக்கணம் என்று கிழமைக்குக் கிழமை வீட்டுப்பாடம் வருகிறது. "எங்களுக்குத் தெரியாது, டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நாம் விலகி நிற்கிறோம். எழுத்துத் தெரியாத தாய் தகப்பனும் இந்த மூன்றுக்கும் உதவ முடியும். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

எழுத்துத் தெரியாத என் ஆசிரியர்

நான் பிறந்தது தோட்டத்தில் இல்லை. புத்தளம் மாவட்டத்தில், கல்பிட்டிப் பக்கம், உச்சமுனை என்ற கடற்கரை ஊர். என் அப்பா மீன்பிடித் தொழிலாளி. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரல் வைப்பார்.

1988ஆம் ஆண்டு நான் 3ஆம் வகுப்பில் இருந்தேன். திங்கட்கிழமை பத்துச் சொல் தருவார்கள், வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல். அப்பா பின்னேரங்களில் கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்துகொண்டிருப்பார். பக்கத்தில் அரிக்கன் லாம்பு. "வாசிடா" என்பார். நான் பத்துச் சொல்லையும் சத்தமாக வாசிப்பேன். இரண்டு தரம் கேட்டால் அவருக்குப் பத்தும் மனதில் நின்றுவிடும். பிறகு கொப்பியை மூடச் சொல்லி, கை வலையில் இருக்க, வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார். நான் எழுதுவேன்.

ஒரு கிழமை எனக்குப் பத்துக்கு ஒன்பது. "வலை" என்ற சொல்லை "வளை" என்று எழுதிவிட்டேன். வலைக்காரன் மகன் வலையைப் பிழையாக எழுதினான் என்று வகுப்பில் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டு வந்தேன். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பிழை என்னோடதுதான். எந்த வலைன்னு நான் சொல்லல்லையே" என்றார். அன்று தொடக்கம் சொல்லை மட்டும் சொல்லமாட்டார். "வலை, மீன் பிடிக்கிற வலை. வளை, கையில போடுற வளை" என்று பொருளோடு சேர்த்துச் சொல்லுவார். எது எந்த எழுத்து என்று அவருக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் இரண்டு சொல் என்று தெரியும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இன்று நான் உத்தியோகம் பார்ப்பதற்கு அந்த லாம்பு வெளிச்சத்துப் பத்துச் சொல்லும் ஒரு காரணம். நம்முடைய தோட்டங்களிலும் இதையே செய்யலாம். வலை பின்னும் கைக்குப் பதிலாக வெங்காயம் உரிக்கும் கை, ரொட்டி தட்டும் கை இருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுப் பேச்சு பிழை இல்லை

முதலில் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில். வீட்டில் நாம் பேசுவது பிழை இல்லை. தமிழுக்குப் பேசும் உடுப்பு ஒன்று, எழுதும் உடுப்பு ஒன்று. மலைக்குப் போகும்போது படங்கு கட்டிக்கொண்டு போகிறோம், கலியாண வீட்டுக்குச் சேலை உடுத்திப் போகிறோம். ஆள் ஒருவர்தான், இடம்தான் வேறு. கொழும்பில், யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், தமிழ்நாட்டில் பேசுகிறவர்களும் தாங்கள் பேசுவது போல அப்படியே எழுதுவதில்லை.

தமிழர்களுக்கு மட்டும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். அரபு நாடுகளில் பிள்ளைகள் வீட்டில் ஒரு விதமாகப் பேசி, பாடசாலையில் வேறு விதமாக எழுதப் பழகுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியிலும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போல இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே பிள்ளையிடம் "நீ பேசுறது பிழை" என்று சொல்லக் கூடாது. "இது பேசுற மாதிரி. கொப்பியில எப்படி எழுதணும்?" என்று கேளுங்கள். அடிக்கடி வருகிற சில மாற்றங்களைப் பாருங்கள்:

வீட்டுல என்று பேசுகிறோம், வீட்டில் என்று எழுதுகிறோம்.
போறேன் என்பது போகிறேன்.
வந்துச்சு என்பது வந்தது.
அவுங்க பறிக்கிறாங்க என்பது அவர்கள் பறிக்கிறார்கள்.
எங்க அம்மா போயிருச்சு என்பது எங்கள் அம்மா போய்விட்டார்.

இதை ஒரு விளையாட்டாகவே ஆடலாம். நீங்கள் பேசுகிற மாதிரி ஒரு வசனம் சொல்லுங்கள், பிள்ளை அதைப் புத்தகத் தமிழில் மாற்றிச் சொல்லட்டும். தேயிலை மலையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில், பிள்ளை எதிரே வந்தால், அந்த வழியிலேயே ஆடலாம். இதற்குப் பென்சிலும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

எழுத்துப் பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 எழுத்து. பிள்ளைக்கு இந்த 247இலும் சிக்கல் வருவதில்லை. பெரும்பாலான பிழைகள் மூன்று கூட்டத்தில்தான் வருகின்றன: ல, ள, ழ ஒரு கூட்டம். ர, ற இன்னொரு கூட்டம். ந, ண, ன மூன்றாவது. காரணம், நாம் பேசும்போது இவற்றின் சத்தத்தைக் கலந்துவிடுகிறோம். பழத்தைப் "பளம்" என்கிறோம். காதில் ஒன்றாக விழுந்தால் கையும் ஒன்றாகத்தான் எழுதும்.

ல, ள, ழ மூன்றையும் நாக்கால் பிரித்து அறியலாம். ல சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லுக்கு அடியில் தொடும். ள சொல்லும்போது நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது நாக்கு மேலே வளைந்து போகும், ஆனால் ஒட்டாது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்வதற்கென்றே தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்ற ஒரு பகுதி இருக்கிறது. அவ்வளவு பழைய காலத்திலேயே நம்மவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பிள்ளையை "மலை, மழை" என்று மாறி மாறிச் சொல்லச் சொல்லுங்கள். "மலையில் மழை பெய்கிறது" என்ற ஒரு வசனம் நமக்குப் போதும், நாம் வருஷம் முழுக்கக் காண்பது அதுதானே.

ர, ற இரண்டையும் சத்தத்தால் பிரிப்பது கஷ்டம். இவற்றைப் பொருளோடு சேர்த்துத்தான் மனதில் வைக்க வேண்டும். அடுப்புக்கரி வேறு, சோற்றுக்கு ஊற்றும் கறி வேறு. அரை றாத்தல் என்பதில் வரும் அரை வேறு, படுக்கும் அறை வேறு. ஒரு சிறு உதவி: ர இரட்டித்து வராது. "காற்று", "நேற்று" போல இரட்டித்து ஒலித்தால் அது ற்ற தான்.

ந, ண, ன கூட்டத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மூக்கால் வரும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டாளி எழுத்து உண்டு. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இந்த ஆறையும் பாட்டு மாதிரிப் பாடமாக்கச் சொல்லுங்கள். பிறகு கங்காணி, மஞ்சள், வண்டி, கொழுந்து, கம்பளி, கன்று என்று நம் சொற்களில் காட்டலாம். இதைத் தெரிந்த பிள்ளை "கொழுந்து" என்பதை "கொழுன்து" என்று எழுதாது, த வந்தால் அதற்கு முன்னால் ந் என்று கை தானாகப் போகும். சொல்லின் தொடக்கத்திலும் தமிழ்ச் சொல்லென்றால் ந தான் வரும், ண, ன வராது. நாய், நிலம், நூல் எல்லாம் அப்படித்தான்.

தாத்தா எழுதினது பிழையா?

சில வீடுகளில் தாத்தா, பாட்டி எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுதும் லை, ணை, னை, றா, ணா போன்ற எழுத்துகள் புத்தகத்தில் உள்ளதுபோல இருக்காது. பிள்ளை "தாத்தாவுக்குத் தெரியாது" என்று சிரிக்கும். தாத்தா எழுதினது பிழை இல்லை, பழைய வடிவம். பெரியார் ஈ.வெ.ரா. 1935ஆம் ஆண்டு முதல் தன் பத்திரிகையில் இந்த எழுத்துகளை எளிதாக்கி அச்சடித்தார். 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசாங்கம் அதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. மாறியவை 13 எழுத்துகள். நம் பாடப்புத்தகங்களிலும் இன்று புதிய வடிவம்தான். பிள்ளை புதிய வடிவத்தில் எழுதட்டும், தாத்தாவின் பழைய கடிதத்தை வாசிக்கவும் பழகட்டும்.

இலக்கணத்துக்கு இரண்டு கேள்வி

இலக்கணம் என்றதும் பயம் வேண்டாம். ஆரம்பத் தரங்களில் வருகிற வீட்டுப்பாடம் பெரும்பாலும் வசனத்தின் தலையும் வாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான். பிள்ளை ஒரு வசனம் எழுதினால் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். யார்? எத்தனை பேர்?

மாடு வந்தது. மாடுகள் வந்தன. தம்பி வந்தான். தங்கை வந்தாள். அம்மா வந்தார். பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளை "மாடுகள் வந்தார்கள்" என்று எழுதியிருந்தால், "மாட்டுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டால் போதும், பிள்ளையே சிரித்துத் திருத்திவிடும்.

கொஞ்சம் பெரிய தரத்தில் ஒற்று விடும் பிழை வரும். "மலைக்கு போனார்" என்பதை டீச்சர் "மலைக்குப் போனார்" என்று திருத்தியது அதனால்தான். "க்கு" என்று முடியும் சொல்லுக்கும், "கொழுந்தை, கூடையை" என்று ஐ சேர்ந்து முடியும் சொல்லுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால், அந்த எழுத்தின் மெய் நடுவில் வரும். கடைக்குச் சென்றார், கொழுந்தைப் பறித்தார், கூடையைத் தூக்கினார். இதை மெதுவாக வாய்விட்டு வாசித்தால் அந்த அழுத்தம் காதுக்கே கேட்கும்.

வாசிக்கும்போது என்ன செய்வது?

வாசிப்புக்கு உங்கள் காதுதான் வேண்டும். பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். விரலைச் சொல்லுக்குக் கீழே வைத்து வாசிக்கட்டும். தடுமாறினால் உடனே அதட்ட வேண்டாம், மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் டீச்சரிடம் அதைக் கேட்கலாம்.

வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு? யார் யார் வந்தாங்க? பிறகு?" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பிள்ளைக்குப் பொருள் விளங்கியிருக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் எழுத்தை மட்டும் கூட்டி வாசித்திருக்கிறது, இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். ஒரே பக்கத்தைக் கிழமையில் மூன்று தரம் வாசிப்பதால் குறை ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் தடங்கல் இல்லாமல் போகும்போது பிள்ளைக்கே சந்தோஷம் வரும்.

எழுத்துத் தெரியாவிட்டால் மொழி தெரியாது என்று நினைக்காதீர்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாம் வரி தவறாமல் மனப்பாடமாகப் பாடும் பெரியவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். அந்தக் கதைகளைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் வரும் சொல் பாதி பழகியதாகவே இருக்கும்.

புத்தகம் மட்டும்தான் வாசிக்கும் பொருள் என்றில்லை. நாட்காட்டி, பஸ்ஸின் பெயர்ப் பலகை, கிளினிக் அட்டை, மாவுப் பையில் உள்ள எழுத்து, சம்பளத் துண்டு எல்லாம் வாசிக்கலாம். தரம் 5 பிள்ளை ஒன்று தன் அப்பாவின் சம்பளத் துண்டை வாசித்து, பேர் போட்ட நாளில் ஒரு நாள் குறைவதைக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அப்பாவுக்கு அந்த மாதம் ஒரு நாள் சம்பளம் திரும்பக் கிடைத்தது.

கிழமைக்கு ஒரு ஒழுங்கு

வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் என்றால் வியாழக்கிழமை இரவு மட்டும் பிள்ளையை உட்கார வைத்துப் பயனில்லை. ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்ஹவுஸ் என்பவர் மனப்பாடம் பற்றித் தன்னையே வைத்துச் சோதித்து, 1885ஆம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். ஒரே இருப்பில் பல தரம் படிப்பதைவிட, அதையே சில நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த முயற்சியில் மனதில் நிற்கும் என்று அவர் கண்டார். நாளுக்குப் பதினைந்து நிமிஷம் போதும்.

திங்கள்: பிள்ளை பத்துச் சொல்லையும் சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேளுங்கள்.

செவ்வாய்: பார்த்து எழுதட்டும். நீங்கள் புத்தகத்தையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கோலத்தில் ஒரு புள்ளி தவறினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாதா? அது போலத்தான். வித்தியாசமாகத் தெரிந்தால் விரலை வைத்து, "இது ரெண்டும் ஒன்னா?" என்று கேளுங்கள்.

புதன்: சொல்லைப் பார்த்து, சொல்லி, மூடி, எழுதி, திறந்து ஒத்துப் பார்க்கட்டும். அன்றைக்கே வாசிப்புப் பாடத்தையும் ஒரு தரம் வாசிக்கட்டும்.

வியாழன்: நீங்கள் மனதில் வைத்த சொல்லை, என் அப்பா சொன்னது போலப் பொருளோடு சொல்லுங்கள். இரண்டு சொல் மறந்துபோனால் பரவாயில்லை, "இன்னும் ரெண்டு என்ன?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். அதுவும் பாடம்தான்.

வெள்ளி: பாடசாலை விட்டு வந்ததும் "எத்தனை சரி?" என்று கேட்பதோடு, "எந்தச் சொல் பிழைச்சது?" என்றும் கேளுங்கள். அந்தச் சொல் அடுத்த கிழமைப் பட்டியலில் பதினோராவது சொல்லாகச் சேரட்டும்.

கொழுந்து கூடும் மாதங்களில் வீட்டுக்கு வர இருட்டிவிடும், உடம்பும் ஓய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் பாட்டியோ, அண்ணன் அக்காவோ, பக்கத்துக் காம்பராப் பிள்ளையோ கேட்கட்டும். ஒரு லயத்தில் நாலைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தால் ஒரு பெரியவர் போதும்.

இவற்றைத் தவிருங்கள்

பிள்ளை அழுகிறது என்று வீட்டுப்பாடத்தை நீங்களோ அக்காவோ எழுதிக் கொடுக்காதீர்கள். டீச்சருக்குப் பிள்ளையின் பிழை தெரிந்தால்தான் திருத்த முடியும். சிவப்பு மையைப் பார்த்து அடிக்காதீர்கள். அடி வாங்கும் பிள்ளை அடுத்த தரம் கொப்பியை மறைக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பதினைந்து நிமிஷத்துக்குப் போனையும் டிவியையும் நிறுத்தி வையுங்கள்.

பிள்ளை புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் கண்ணைச் சோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும். தரம் 3 வந்தும் எழுத்துக் கூட்ட வராவிட்டால், மக்கு என்று ஒதுக்காமல் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எப்படிப் பேசுவது என்று தயக்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், கூடவே வருகிறேன்.

இவ்வளவும் எதற்காக?

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டே சட்டம் வந்தது. ஆனால் நெடுங்காலம் அது ஒரு அறை, ஒரு ஆசிரியர், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு என்ற அளவில்தான் நின்றது. 1945ஆம் ஆண்டு நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுங்கியே கிடந்தன. 1977ஆம் ஆண்டுக்குப் பிறகுதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980 முதல் பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று, நம் லயங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியர்களாக நிற்கிறார்கள். நம் பாட்டன் பாட்டிக்கு இல்லாத புத்தகமும் ஆசிரியரும் நம் பிள்ளைக்கு இருக்கிறது. கேட்க ஒரு ஆள்தான் வீட்டில் வேண்டும்.

கொப்பியோடு வந்த அந்தத் தாயை இரண்டு கிழமை கழித்து மறுபடி கண்டேன். "பத்துக்கு ஆறு ஐயா" என்றார். முன்பு அந்தப் பிள்ளைக்கு மூன்று, நான்குதான். "மலை, மழை ரெண்டும் இப்ப சரியா எழுதுது. நான் சொல்லும்போது நாக்கப் பாக்குது, சிரிப்பா இருக்கு" என்றார். கொப்பி இப்போது தலையணைக்குக் கீழே இல்லையாம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறதாம்.

உங்கள் வீட்டுக் கொப்பி எங்கே இருக்கிறது? இன்றைக்கு இரவு எடுத்துவரச் சொல்லுங்கள். "வாசி, நான் கேக்குறேன்" என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்